பாதரச மண்: எவ்வளவு என்று கேட்பதா, எங்கிருந்து என்று கேட்பதா?

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் மூன்று ஏக்கர் மேட்டுக்காடு ஒன்று மாமாவுக்கு விலைக்கு வந்தது. கிணறு உண்டு, வரப்போரம் வேப்பமரங்கள் உண்டு, தார் ரோடும் பக்கத்திலேயே. விலை மட்டும் அந்தப் பக்கத்து நிலவரத்துக்குக் கொஞ்சம் கீழே. காரணம் வடமேற்கு மூலையில் இருந்தது. இருபது சென்ட் இடத்தில் ஓடு சரிந்த ஒரு சாளை, அதன் முன்னால் நான்கு சிமெண்டுத் தொட்டிகள். கோயமுத்தூர் நகைப் பட்டறைகளில் கூட்டிப் பெருக்கிய மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பாதரசம் விட்டுக் குழைத்து, அதில் கிடக்கும் தங்கத் துகளைப் பிரித்தெடுக்கும் வேலை அங்கே பல வருடம் நடந்திருக்கிறது. பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டியைத் துணியில் பிழிந்து நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் மிஞ்சும். ஆவி எங்கே போகிறது என்று அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்?

மாமா தொட்டிக்குப் பக்கத்து மண்ணை ஒரு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். சாதாரண மண்ணில் இருப்பதைப் போலப் பல மடங்கு பாதரசம். நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கிழக்கே இருக்கிற பாய்லர் புகையில் வந்து படிந்தது, ஊர் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரியே மாமா கூப்பிட்டார்.

“மாப்ள, ஐசோடோப்புன்னு ஒரு டெஸ்ட் இருக்குதாமா. பாதரசம் எங்கிருந்து வந்துச்சுன்னே சொல்லிப்போடுமாமா. அதையே பண்ணிப்போடலாமா?”

“பண்ணலாமுங்க மாமா. ஆனா உங்களுக்கு அதுதான் வேணுமான்னு முதல்ல பார்க்கோணும்.”

வேதியியல் படித்ததற்கு வீட்டில் இப்படி எப்போதாவதுதான் வேலை வரும். அவருக்காக உட்கார்ந்து எழுதிய ஒப்பீட்டைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். பழைய ஆலை, பட்டறை, குடோன் இருந்த இடத்தை வாங்கப் போகிறவர்களுக்கும், அப்படி ஒரு இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே தனிமத்தில் எடை மட்டும் கொஞ்சம் வேறுபடும் அணுக்கள்தான் ஐசோடோப்புகள். அவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்ப்பது மாட்டுக்குச் சுழி பார்ப்பதைப் போன்றது. கண்ணபுரம் சந்தையில் அனுபவப்பட்டவர் சுழியைப் பார்த்தே தான் விற்ற மாட்டை நூறு மாட்டுக்கு நடுவில் அடையாளம் காட்டிவிடுவார். அது எத்தனை லிட்டர் கறக்கும் என்று சுழி சொல்லாது. அதற்குக் கறந்துதான் பார்க்க வேண்டும்.

கறந்து பார்க்கிற முறைகளிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மண்ணில் மொத்தப் பாதரசம் பார்ப்பதுதான் மலிவு, பல ஆய்வகங்களில் முடியும். ஆனால் மாமா செய்ததைப் போல ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தால் பாதிப் பயன்கூடக் கிடையாது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மேல்மண் தனியாக, ஒரு முழம் ஆழத்து மண் தனியாக என்று முப்பது நாற்பது இடத்தில் எடுக்க வேண்டும். ஏன் என்பதைக் கரும்புக் கதை வரும்போது சொல்கிறேன். இதோடு வெப்பத்தில் பிரித்துப் பார்க்கும் ஒரு சோதனையும் உண்டு. மண்ணை மெல்ல மெல்லச் சூடாக்கி, எந்தச் சூட்டில் எவ்வளவு பாதரசம் கிளம்புகிறது என்று பார்ப்பார்கள். உலோகமாகவே இருக்கும் பாதரசம் குறைந்த சூட்டிலேயே கிளம்பிவிடும். மண்ணின் மக்கோடு ஒட்டியது அதைவிட அதிகச் சூட்டில் வரும். கந்தகத்தோடு சேர்ந்து லிங்கமாக, அதாவது சின்னபாராக, இறுகிவிட்டது இன்னும் அதிகச் சூட்டைக் கேட்கும். சித்த மருத்துவர்கள் ரசம், லிங்கம், பூரம், வீரம் என்று பாதரசத்தின் வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. நான்கின் குணமும் வேறு. லிங்கமாக இருந்தால் மண்ணில் நிறைய இருந்தாலும் காற்றுக்கு வருவது குறைவு. ரசமாகவே சொட்டுச் சொட்டாகக் கிடந்தால் கொஞ்சம் இருந்தாலும் வில்லங்கம்தான். 20 டிகிரி சூட்டில் பாதரசத்தின் மேல் தேங்கி நிற்கும் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் வரை ஆவியைத் தாங்கும். வருடச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு 1 மைக்ரோகிராம். பதினாலாயிரம் மடங்கு. சித்திரை வெயிலில் இது இன்னும் ஏறும்.

கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆவி அளவீட்டுக் கருவி இரண்டாவது. பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை விழுங்கும், கருவி அதைத்தான் அளக்கிறது. நின்ற இடத்திலேயே எண் காட்டிவிடும். சாளைக்குள், தொட்டிக்குள், கிணற்றடியில் என்று ஒரு காலை நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். குறை என்னவென்றால், காற்று கொஞ்சம் வீசினாலும் எண் விழுந்துவிடும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு அளந்தால் எந்த மண்ணும் சுத்தமான மண்ணாகத்தான் தெரியும். விற்பவருக்குச் சாதகமான நாளில் அளந்து காட்டுவது இதில் ரொம்பச் சுலபம்.

அதனால்தான் மூன்றாவது முறையை நான் பெரிதாக நினைக்கிறேன். மண்ணின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் காற்றை விட்டு மறுபக்கம் உறிஞ்சி, உள்ளே போன காற்றுக்கும் வெளியே வந்த காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. மண் மூச்சு விடுவதை நேரடியாக அளக்கும் வழி இது. பெட்டி குவார்ட்ஸ் கண்ணாடியிலோ டெஃப்ளான் தாளிலோ இருக்க வேண்டும். பல பிளாஸ்டிக்குகள் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், பாதரசத்தை மண்ணிலிருந்து கிளப்பிவிடுவதில் அந்தக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. உச்சி வெயிலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று, காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்தவுடன் ஒன்று என்று குறைந்தது மூன்று தடவை அளக்க வேண்டும். காய்ந்த மண் நனைந்ததும் பாதரசம் சட்டென்று கிளம்பும். மண்வாசனை வரும் அதே நேரம்தான்.

இதில் கிடைக்கும் எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சதுர மீட்டருக்கு மணிக்கு 30 நானோகிராம் கிளம்புகிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருபது சென்ட் என்பது சுமார் 809 சதுர மீட்டர். வருடத்துக்கு 8,760 மணி நேரம். பெருக்கினால் 0.21 கிராம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் இருக்கும் பாதரசத்தைவிடக் குறைவு. அதுவே ஆயிரம் நானோகிராம் என்றால் ஏழு கிராம். திறந்த வெளியில் முதல் எண்ணுக்கு நான் பயப்பட மாட்டேன். ஆனால் அதே மண்மேல் ஒரு வீடு கட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் கதை வேறு. மழைத் தண்ணீர் அந்த மண்ணை அடித்துக்கொண்டு குட்டையில் சேர்த்தாலும் கதை வேறு. குட்டைச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றினால் அது மீனுக்குள் போகும். இந்த மாதிரி முடிவுகளுக்கெல்லாம் தேவை “எவ்வளவு” என்ற எண்தான்.

கொடைக்கானல் மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அப்புறம் ஆலை வளாகத்து மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தம் செய்தால் போதுமா, இன்னும் கீழே போக வேண்டுமா என்று பல வருடம் வாதம் ஓடியது. அங்கேயும் பெரிய சண்டை “எவ்வளவு” என்பதைச் சுற்றித்தான்.

சரி, “எங்கிருந்து” என்பதற்கு வருவோம்.

பாதரசத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் ஏழு: 196, 198, 199, 200, 201, 202, 204. இயற்கையில் 202-தான் அதிகம், நூற்றில் கிட்டத்தட்ட 30 பங்கு. 196 மிகக் குறைவு, நூற்றில் 0.15 பங்கு. எல்லாம் பாதரசமே, எடை மட்டும் வேறு. ஆவியாகும்போது எடை குறைந்தது கொஞ்சம் முந்திக்கொள்ளும். 1920-லேயே கோபன்ஹேகனில் புரோன்ஸ்டெட், ஹெவிசி என்ற இருவர் பாதரசத்தைத் திரும்பத் திரும்ப ஆவியாக்கி ஐசோடோப்புகளை ஓரளவு பிரித்துக் காட்டினார்கள். ஆக மாசுபட்ட மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி அந்த மண்ணைவிட லேசாக இருக்கும், மிச்சம் கிடக்கும் மண் வருடம் போகப் போகக் கனக்கும். வித்தியாசத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். நல்ல கருவியில் 0.1 வரை நம்பலாம்.

இது மட்டும் என்றால் ரொம்பக் குழப்பம். எந்த வினை நடந்தாலும் லேசு கனம் மாறும், எதை நம்புவது? 2007-ல் பெர்க்விஸ்ட், புளும் இருவரும் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்குக் கதவைத் திறந்தது. வெயில்பட்டு நடக்கும் வினைகளில் 199, 201 என்ற ஒற்றைப்படை ஐசோடோப்புகள் எடைக் கணக்குக்கு அடங்காமல் தனியாக விலகுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இருட்டில், வெறும் சூட்டில் ஆவியானால் அந்த விலகல் மிகச் சொற்பம். ஆக ஒரே மாதிரியில் இரண்டு அடையாளம் கிடைத்துவிட்டது: கனமா லேசா என்பது ஒன்று, ஒற்றைப்படை விலகல் உண்டா என்பது இன்னொன்று. சுழியோடு கொம்பும் பார்ப்பதைப் போல.

மாமாவின் காட்டில் இதை வைத்து எதைப் பிரிக்கலாம்? உலகமெல்லாம் சுற்றிவரும் பின்னணிக் காற்றில் பாதரசம் கன மீட்டருக்கு ஒன்றரை நானோகிராம் போல இருக்கிறது. அது பெரும்பாலும் கனமான பக்கம் சாய்ந்து, ஒற்றைப்படை விலகல் கொஞ்சம் கழித்தலில் நிற்கும். பட்டறைப் பாதரசம் சுரங்கத்திலிருந்து வந்தது. அதற்கு ஒற்றைப்படை விலகல் ஏறக்குறைய பூஜ்யம், அந்த மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியோ லேசான பக்கம். இந்த இரண்டையும் பிரிப்பது சுலபம். விறகு எரிக்கும் பாய்லர் என்றால் அதுவும் தனியாகத் தெரியும். செடி கொடிகள் காற்றிலிருந்து லேசான பாதரசத்தைத்தான் அதிகம் இழுத்துக்கொள்கின்றன, காற்றின் ஒற்றைப்படை விலகலும் கூடவே வந்துவிடும். நிலக்கரி என்றால் கொஞ்சம் கஷ்டம். சுரங்கத்துக்குச் சுரங்கம் அதன் எண் மாறும், எரித்த கரியிலேயே ஒரு கட்டி எடுத்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். பாய்லர்காரர் கொடுப்பாரா என்பது வேறு விஷயம்.

பிரிக்க முடியாதது எது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுரங்கப் பாதரசம் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல். தங்கப் பட்டறைக்கு வந்ததா, உடைந்த தெர்மாமீட்டரா, சித்த மருந்து செய்ய வாங்கிய ரசமா என்று மண்ணைப் பார்த்து அடித்துச் சொல்வது கஷ்டம். கரும்புக் கதை இங்கேதான் வருகிறது. நம் பக்கத்தில் கரும்புக் கரணையை நடுவதற்கு முன்னால் பாதரசம் கலந்த பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுத்த காலம் உண்டு. மஞ்சள் விதைக் கிழங்குக்கும் அதே வைத்தியம். அந்த மருந்து இந்தியாவில் 2018-ல்தான் முழுதாகத் தடை செய்யப்பட்டது. நாளைக்கு நிலத்துக்காரர் பாய்லரை விட்டுவிட்டு, “என் அப்பன் காலத்துல இங்க கரும்பு இருந்துச்சு” என்று சொன்னால் ஐசோடோப்பு கையைப் பிசையும். அதுவும் சுரங்கப் பாதரசம், இதுவும் சுரங்கப் பாதரசம்.

கட்டம் கட்டி எடுத்த மண் கையைப் பிசையாது. கரணை மருந்து என்றால் மூன்று ஏக்கரிலும் பரவலாகக் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பட்டறை மண் என்றால் தொட்டியைச் சுற்றிக் குவிந்து, தண்ணீர் ஓடிய சரிவில் வால் மாதிரி நீண்டு, கொஞ்ச தூரம் தாண்டினால் விழுந்துவிடும். புகையில் வந்தது என்றால் மேல்மண்ணில் மட்டும் இருக்கும், ஒரு முழத்துக்குக் கீழே இருக்காது. நாற்பது பொட்டலம் மண்ணும் ஒரு கிராஃப் தாளும் சொல்லிவிடுகிற சங்கதி இது.

ஐசோடோப்புக்கு மாதிரி எடுப்பதும் லேசுப்பட்டதில்லை. ஒரு அளவீட்டுக்கு 20 நானோகிராம் வேண்டும் என்று வையுங்கள். பின்னணிக் காற்றிலிருந்து அதைச் சேர்க்க 13 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் உறிஞ்சும் பம்பு என்றால் ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும். காட்டுக்குள் அத்தனை நாள் கரண்ட் போகாமல் இருக்குமா? பம்பே இல்லாமல் கரித்தூள் வைத்துத் தொங்கவிடும் மாதிரிக் கூடுகள் உண்டு. அவை நாளைக்குச் சுமார் 0.1 கன மீட்டர் காற்றுக்குச் சமமாகத்தான் சேர்க்கும், பின்னணிக் காற்றில் நான்கு மாதத்துக்கு மேல் பிடிக்கும். மாசுபட்ட மண்மேல் கவிழ்த்த பெட்டிக்குள் கன மீட்டருக்கு 100 நானோகிராம் இருந்தால் அதே பம்பு மூன்றரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடும். எடுத்த பாதரசத்தை முழுதாக மீட்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. வழியில் கொஞ்சம் தப்பினால் தப்புவதும் எடை பார்த்துத்தான் தப்பும், விகிதமே மாறிப்போகும். அளக்கிற மல்டி கலெக்டர் ஐசிபி எம்எஸ் கருவியும் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை. ஆராய்ச்சி நிறுவனத்தில் யாராவது ஆர்வம் காட்டினால்தான் நடக்கும்.

ஐசோடோப்பை வெளியிலிருந்து சேர்த்துப் பின்தொடரும் முறை ஒன்றும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஏரியில் 2001 முதல் செய்தார்கள். ஏரிக்கு 202, மேட்டு நிலத்துக்கு 200, சதுப்புக்கு 198 என்று தனித்தனியாகச் செறிவூட்டிய பாதரசத்தைத் தூவி, மீனுக்கு எது வந்து சேர்கிறது என்று பார்த்தார்கள். ஏரியில் நேராக விழுந்ததுதான் சீக்கிரம் மீனுக்குப் போனது, மேட்டு நிலத்தில் தூவியது அப்படியே தங்கிவிட்டது. அருமையான ஆராய்ச்சி. ஆனால் பாதரசம் இருக்கிறதா என்று சண்டை நடக்கிற காட்டில் மேலும் பாதரசம் தூவுகிறேன் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் என்னைக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். கதிரியக்கப் பாதரசம் 203-உம் உண்டு, அரை ஆயுள் 46.6 நாள். அது அனுமதி வாங்கிய ஆலைக்குள் செய்கிற வேலை.

ஐசோடோப்பு எப்போது செலவுக்குத் தகும்? யார் தலையில் செலவு விழும் என்ற வழக்கு வரும்போது. 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள், சுத்தம் செய்யும் செலவை மாசுபடுத்தியவரிடம் வாங்கச் சொல்கின்றன. இரண்டு மூன்று பேர் ஒருவரை ஒருவர் கை காட்டும்போது, அவர்களின் பாதரசம் வேறு வேறு பிறப்பிடமாக இருந்தால், அங்கே ஐசோடோப்பு பேசும். மண்ணை மூடி, வேலை முடிந்தது என்று சொன்ன பிறகும் காற்றில் பாதரசம் குறையவில்லை என்றால், அது இன்னும் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கவும் அதைவிட நல்ல வழி இல்லை. நிலம் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு அது தேவையில்லை.

அதற்குக் காற்றின் திசையே பாதி வேலையைச் செய்துவிடும். அந்தக் காட்டுக்கு ஆடியில் மேற்கு, தென்மேற்கிலிருந்து காற்று, மார்கழியில் வடகிழக்கிலிருந்து. பாய்லர் கிழக்கே, தொட்டி வடமேற்கே. தொங்கும் மாதிரிக் கூடுகளைத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் மாட்டி, இரண்டு பருவத்திலும் எடுத்துப் பார்த்தால், எந்தப் பக்கத்துக் காற்றில் எண் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

மாமாவிடம் நான் சொன்னது இது: முதலில் நாற்பது இடத்தில் மண், தொட்டியடி மண்ணுக்கு வெப்பச் சோதனை. கூடவே கிணற்றுத் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதற்கு மேல் இருந்தால் பேச்சே வேண்டாம், விட்டுவிடலாம். அப்புறம் சித்திரையில் இரண்டு நாள் பெட்டி கவிழ்த்து அளப்பது. தொட்டியடி மண்ணில் மூன்று கண்ணாடிக் குப்பி மட்டும் டெஃப்ளான் மூடி போட்டு, தேதி எழுதி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவது. நாளைக்கு வழக்கு வந்தால் அந்தக் குப்பிகள் ஐசோடோப்புக்குப் போகட்டும், வராவிட்டால் இருக்கட்டும்.

மண் முடிவு வந்தது. தொட்டியைச் சுற்றிக் குவியல், சரிவில் வால், ஒரு முழம் ஆழத்திலும் பாதரசம். பாக்கி இரண்டே முக்கால் ஏக்கர்ச் சொச்சம் சாதாரண மண்தான். கிணறும் தப்பித்தது. நிலத்துக்காரர் கிராஃப் தாளைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாய்லர் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. இருபது சென்ட்டைத் தனியாக அளந்து விட்டுவிட்டு மிச்சத்துக்குக் கிரயம் பேசலாம் என்று இப்போது இறங்கி வந்திருக்கிறார்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அந்த இருபது சென்ட்டை ஒட்டிச் சாளை போடலாமா, எத்தனை அடி தள்ளிப் போடுவது? பெட்டியைக் கவிழ்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மூன்று குப்பிகளும் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் தயிருக்குப் பின்னால் இருக்கின்றன, வேறு பெட்டி வாங்கி வைக்கச் சொல்லி வீட்டில் தினமும் ஒரு சண்டை.